அக்காவோடு ஒரு கயிறு

பிரேசிலுக்குக் குடிபோன நாட்சுயோ பல வருடம் கழித்து டோக்கியோ வந்திருந்தாள். அக்கா தோமோயேவுக்கு இப்போது பார்வை அறவே இல்லை. வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு நாட்சுயோ அழுதாள்.

"அழுது முடிச்சியா? ஓடுற ஷூ கொண்டாந்திருக்கியா?" என்றாள் தோமோயே.

ஞாயிறு காலை இருவரும் யோயோகி பூங்காவுக்குப் போனார்கள். பார்வையில்லாதவர்களும் அவர்களுக்குத் துணையாக ஓடுகிறவர்களும் அங்கே கூடியிருந்தார்கள். துணைக்காரர் ஒரு முனையும் ஓடுகிறவர் மறுமுனையுமாக ஒரு சின்னக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். தோமோயேவுக்கு வழக்கமாகத் துணை வருபவர் ஒனோதெரா. ரிட்டையரான பஸ் டிரைவர்.

"இன்னைக்கு என் தங்கச்சி பிடிக்கட்டும், ஒனோதெரா சார். தினமும் கடற்கரையில ஓடுறாளாம்."

"பாத்து ஓடும்மா, அக்கா நிக்க மாட்டாங்க," என்று சிரித்தபடி அவர் பின்னால் ஓடி வந்தார்.

முதல் சுற்றில் நாட்சுயோ ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொண்டே ஓடினாள். இடப்பக்கம் வளைவு, எதிரே நாயோடு ஒருத்தர், கீழே ஈர இலை. தோமோயே தலை நிமிர்ந்து, சீராகக் கால் வைத்தாள். இரண்டாம் சுற்றில் நாட்சுயோவுக்கு மூச்சு வாங்கியது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவர, வாய் எழாமல் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். தோமோயே தடுமாறி, எப்படியோ நின்றாள்.

"இழுக்காதடி! நான் என்ன ஆட்டுக்குட்டியா? வாயால சொல்லு!"

"சாரிக்கா. முடியலக்கா... விழுந்திருந்தா என்ன ஆகுறது? போதும், உக்காரலாம்."

"நீ உக்காரு. நான் ஓட வந்தேன்."

தோமோயே கையை நீட்டினாள். ஒனோதெரா நாட்சுயோவிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். இருவரும் கிங்கோ மரங்களுக்கு அடியில் விரைந்து மறைந்தார்கள். தன்னோடு ஓடியபோது அக்கா வேகத்தைக் குறைத்துத்தான் ஓடியிருக்கிறாள் என்று நாட்சுயோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சுற்றில் தோமோயே தெரிந்தாள். கன்னம் சிவந்து, நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முன்னால் போன இரண்டு வாலிபர்களை அவள் அலட்டிக்கொள்ளாமல் தாண்டினாள். உட்கார்ந்திருந்த நாட்சுயோ துள்ளி எழுந்தாள்.

"அக்கா! விடாதக்கா!"

பாதையோரம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த பெண்மணி திரும்பினாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் அக்கா!" பூங்கா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள் நாட்சுயோ. அழுகை முட்டியது. அதில் பரிதாபம் துளியும் இல்லை.

ஓடி முடித்து, புல்லில் உட்கார்ந்து சோற்று உருண்டையைக் கடித்தபடி தோமோயே கேட்டாள்: "எதுக்கடி அப்படிக் கத்துன? காக்காயெல்லாம் பறந்துபோச்சு."

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் கத்துவேன்."

"கத்துறதுக்கு மூச்சு இருந்தா ஓடலாமே," என்றாள் தோமோயே. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.