துபாய் வழியாக வாய்க்கரிசி

அப்பா செத்தது செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணிக்கு. நாள் முடிய ஒரு மணி நேரமே மிச்சமிருந்தாலும் எங்கள் கணக்கில் அது முதல் நாள். மூன்றாம் நாள் காலை, அதாவது வியாழக்கிழமை, தூக்கிவிட வேண்டும். பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அக்கா சுன்யோங் சாவோ பாலோவில் துணிக்கடை வைத்திருக்கிறாள். கொரியாவிலிருந்து அதைவிடத் தூரமாய்ப் போக பூமியில் அநேகமாக இடமில்லை. நேர் விமானமும் கிடையாது. துபாயில் மாறி, இஞ்சோனில் இறங்கி, பஸ் பிடித்து எங்கள் ஊர் குன்சான் வந்து சேர வியாழன் ராத்திரி ஆகிவிடும். அப்பாவின் சாவுச் சடங்கு முடிந்த பிறகுதான் அவள் பயணம் முடியும்.

புதன் மத்தியானம், ஆஸ்பத்திரியின் துக்கக் கூடத்தில் சனங்கள் மாட்டிறைச்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தபோதே, உடலைப் பெட்டியில் வைக்க ஆள் வந்துவிட்டார். பெட்டியை மூடினால் மூடினதுதான். பிறகு முகம் பார்க்க முடியாது, வாய்க்கரிசி போட முடியாது.

நான் போய்ப் பிணவறைக் கதவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"எந்திரிடி கும்ஹி. எல்லாரும் பாக்குறாங்க," என்றார் பெரியப்பா.

"பாக்கட்டும். மூணு நாளை அஞ்சு நாளாக்குங்க. அக்கா வந்தப்புறம் மூடலாம்."

"அவளுக்காகவா? என் முகத்துலயே முழிக்காதேன்னு உங்கப்பன் துரத்தினவ! முப்பது வருஷமா வராதவளுக்கு இப்ப என்ன? செல்போன்ல காட்டு, போதும்."

"செல்போன்ல வாய்க்கரிசி போட முடியுமா பெரியப்பா?"

"அதுக்கு என் பையன் தேசிக் இருக்கான். ஆம்பளப் புள்ள."

"அண்ணன் மொதல்ல வாயத் தொடைக்கட்டும். சாறு வழியுது."

"செத்தவனைக் காக்க வைக்கிறது பாவம்டி!"

"அவர் அக்காவைக் காக்க வச்சது முப்பது வருஷம். இப்ப அவர் ரெண்டு நாள் காத்திருக்கட்டும். போக வேண்டிய வேலையா இருக்கு அவருக்கு?"

நான் கதவை விட்டு அசையவில்லை. அக்கா விமானம் ஏறிவிட்டாள், இனி வராதே என்று சொல்லக்கூட யாராலும் முடியாது என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

பெட்டிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "மக சம்மதிக்காம நான் தொட மாட்டேங்க."

வெள்ளிக்கிழமை காலை அக்கா அப்பாவின் முகத்துக்கு முன்னால் நின்றாள். விமானத்தில் வந்த அவளுடைய கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. தேசிக் கரண்டியை எடுத்தான். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஊறின அரிசியை மூன்று தடவை போட வேண்டும். போகிற இடத்தில் பஞ்சமில்லாதிருக்க ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு சொல்ல வேண்டும்.

"நூறு மூட்டை, அப்பா."

"ஆயிரம் மூட்டை."

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது பத்தாயிரம் மூட்டை. அவள் மறந்துவிட்டாளென்று நினைத்து பெரியப்பா பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். அக்கா திரும்பவில்லை. குனிந்து, அரிசியை அப்பாவின் வாயில் வைத்தாள்.

"பதினெட்டாயிரம் கிலோமீட்டர்," என்றாள்.