நாலு எலுமிச்சம்பழம்

பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் கருங்கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார் காசி. வேங்கிக்காலில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. "இரு சாமி, இன்னும் ஒரே ஒரு காலுதான்" என்றார் காரிடம். அதோடு அப்படித்தான் பேசுவார், மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் மாதிரி.

கோதண்டராமன் சார் மாசியில் போய்ச் சேர்ந்தார். அவர் சம்சாரம் மணிமொழி அம்மா இன்றைக்குக் கனடாவுக்கு, மகன் ராஜாவிடம் கிளம்புகிறார். எப்போது திரும்புவாரோ, அவருக்கே தெரியாது. சார் ஆசையாக வாங்கின வண்டி, விற்க மனசு வரவில்லை. எத்தனை வருஷம் நின்றாலும் கெடாதபடி கட்டி வைக்கச் சொன்னார் அம்மா. சாருக்கு டிரைவராக அதை ஓட்டின காசி, தன் கையாலேயே கட்டி வைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

அடி அண்ணாமலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பெண்டாட்டி வெள்ளையம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "இந்தா பாரு, பேட்டரிய மட்டும் கழட்டிடாத. வாராவாரம் ஒருத்தர் வந்து ஸ்டார்ட் பண்ணணும்னு சொல்லு. பாதி சம்பளமாச்சும் வரும். உன் கண்ணுக்கு இனிமே எவன் சாவி குடுப்பான்?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆபரேஷன் செய்தும் இடது கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. அதற்கப்புறமும் நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது சார் ஒருத்தர்தான்.

பானெட்டைத் திறந்தார். எலி ஒயரைக் கடிக்காமலிருக்கப் புகையிலையைக் கிழித்துச் சந்து சந்தாகச் செருகினார். சைலன்சர் வாயில் பழந்துணியை அடைத்தார். பேட்டரிதான் பாக்கி. நட்டில் ஸ்பேனரை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தார். "காசி, ராஜா கேக்கறான். வாராவாரம் யாராவது வந்து ஸ்டார்ட் பண்ணணுமாமே? நீங்க வர முடியுமாங்கறான்."

அடேயப்பா, கேட்காமலே கிடைக்கிறது! ஆமாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கேட்டது வண்டியைப் பற்றி. வண்டி விஷயத்தில் அவர் வாய்க்குப் பொய் பழக்கமில்லை.

"அஞ்சு நிமிஷம் உறும விட்டு அணைச்சா இன்ஜினுக்குத்தாம்மா கேடு. உள்ள ஈரம் கோத்துக்கும். பேட்டரிய கழட்டி வச்சுட்டா அது பாட்டுக்கு நிக்கும்."

"அப்ப யாரும் வரவே வேணாமா?"

"வேணாங்கம்மா."

"அப்பாடா, ஒரு கவலை விட்டுது. டேய் ராஜா, யாரும் வர வேணாமாம்" என்று பேசிக்கொண்டே அம்மா உள்ளே போய்விட்டார்.

பாழாய்ப்போன வாய்! காசி தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளையம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது? சொன்னது சொன்னதுதான், நட்டைத் திருகிப் பேட்டரியைக் கழற்றினார்.

கவரை இழுத்துப் போர்த்தும்போது வாசலில் டாக்சி ஹாரன் கேட்டது. ஏர்போர்ட்டுக்கு ராஜா அங்கிருந்தே புக் பண்ணியிருந்தான். "ஹைவேஸ்ல காசி அண்ணன் வேணாம்மா" என்று அவன் சொன்னது ஸ்பீக்கரில் காசிக்கும் கேட்டிருந்தது.

பெட்டிகளைக் காசிதான் தூக்கி வைத்தார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த அம்மா, கார் சாவிக்காகக் கையை நீட்டினார். காசி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஃபிரிட்ஜில் மீந்ததையெல்லாம் போட்ட கட்டைப் பையை அம்மா அவர் கையில் திணித்தார். "சார் இருந்திருந்தா..." என்றவருக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது.

ஏறி உட்கார்ந்தவர் சட்டென்று தலையை நீட்டினார். "ஐயோ, காசி, டயருக்குப் பழம் வைக்கலையே! தூரப் பயணம். உங்க பையிலேயே இருக்கு பாருங்க."

"சீக்கிரம்ணா, இன்னைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல மாட்டிக்குவோம்" என்றான் டாக்சிக்காரன்.

காசி மண்டி போட்டு நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். தன் வண்டிக்கு எப்படி வைப்பாரோ அப்படியே வைத்தார். "போய்ட்டு வாங்கம்மா. பாத்து ஓட்டுப்பா."

"கேட்டைச் சாத்தி, பூட்டை அழுத்திட்டுப் போங்க காசி!"

டாக்சி போய்விட்டது. மூன்று பழம் நசுங்கிக் கிடந்தன. இடப்பக்கம் வைத்த ஒன்று சக்கரத்தில் படாமல் முழுசாகக் கிடந்தது, கண் பிசகியிருக்கிறது. காசி அதை எடுத்துத் துடைத்தார். உள்ளே போய்க் கவரைத் தூக்கி, கல்லின் மேல் தூக்கி நின்ற காரின் முன்சக்கரத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தார். சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழையும்.

வெளியே வந்து கேட்டைச் சாத்தி, பூட்டை அழுத்தினார்.