தொண்ணூற்று நான்கு சதவீதக் களவு

ஆங்கிலக் கட்டுரைகளில் காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பள்ளிக்கு வந்ததிலிருந்து தலைமையாசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது அவர் கணினித் திரையில் ஒரு சிவப்புப் பட்டை: தொண்ணூற்று நான்கு சதவீதம் நகல். மேசைமேல் மன்னிப்புக் கடிதம். எதிரே பத்தாம் வகுப்பு வாயாடி.

"கையெழுத்துப் போடும்மா. இந்தக் கட்டுரைக்குப் பூஜ்யத்தோட போயிடும். போடலேன்னா பரீட்சையே எழுத முடியாது."

"எங்கப்பா லாரியைப் பத்தி நான் யாரைப் பார்த்து சார் காப்பியடிப்பேன்? போட மாட்டேன்."

பக்கத்தில் நின்ற ஆங்கில ஆசிரியைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கமா டீச்சர். மறுகணம் விஷயம் புரிந்தது. அந்தக் கட்டுரையின் வரைவைப் போன வாரம் இதே மென்பொருளில் ஏற்றியவள் அவள்தான். பிழைகளைக் காட்டிக்கொடுக்குமே என்ற ஆசை. ஏற்றியதையெல்லாம் அது சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்த கட்டுரையை அதனுடனேயே ஒப்பிடும் என்று யார் கண்டார்கள்? வரைவுகளை ஏற்றாதீர்கள் என்ற சுற்றறிக்கையை அவள் படிக்கவேயில்லை. மற்றவர் கமாவைத் தேடத்தான் அவளுக்கு நேரம் இருந்தது.

"தப்பு என்னோடது சார்," என்று நடந்ததைச் சொன்னாள்.

தலைமையாசிரியர் மாணவியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "வாயை மூடிக்கிட்டு இருங்க டீச்சர். நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும். ஒரு பொண்ணுதானே? ஒரு கையெழுத்துதானே?"

அந்தத் 'தானே'தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக இந்த அறையில் "சரிங்க சார்" தவிர வேறெதுவும் பேசியறியாதவள், மேசையைச் சுற்றிப்போய்க் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். வகுப்பில் மீதி முப்பத்தொரு பேரின் கட்டுரைகள் சோதிக்கப்படாமல் காத்திருந்தன. அத்தனை வரைவுகளையும் அவள்தான் ஏற்றியிருந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"உங்க மெஷினுக்குத் தீனி போடறேன்."

எல்லாவற்றையும் சோதிக்கும் பொத்தானை அழுத்தினாள். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. தொண்ணூற்றேழு. திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

"இந்த ரிப்போர்ட்டெல்லாம் நிர்வாகத்துக்குத் தானாவே போயிடுமில்ல சார்?"

அவள் கதவைத் திறந்து மாணவியை உள்ளே கூப்பிட்டாள். மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கண்ணெதிரிலேயே நான்காகக் கிழித்தாள்.

"புதுசா ஒண்ணு அச்சடிங்க சார். என் பேர்ல. அதுல நான் கையெழுத்துப் போடறேன்."