வெறுஞ்சீட்டு

சீட்டுக்கட்டிலிருந்து லாந்தர் விளக்குக் கிழவர் இறங்கி வெளியே போய், தெருமுனையில் பேருந்துக்குக் காத்து நின்ற செவ்வாய்க்கிழமை, சந்தையில் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் இரண்டையும் கவனித்தார்கள். தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கிழவர் சாம்பல் நிற அங்கி போட்டிருந்தார். நல்ல வெயிலிலும் விளக்கை அணைக்கவில்லை. பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டார். நடத்துநர் அவருடைய தாடியைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கேட்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, முதியோர் இருக்கையைக் காட்டிவிட்டு நகர்ந்தார். சந்தை, பூங்கா என்று ஒரு சுற்றுச் சுற்றிய கிழவர், சலூனின் ஷட்டர் இறங்குவதற்குள் திரும்பி வந்து சீட்டுக்குள் பழையபடி நின்றுகொண்டார். அங்கியின் கீழ்விளிம்பில் மட்டும் சேறு ஒட்டியிருந்தது.

சீட்டுக்கட்டு சலூன் அக்காவுடையது. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். நாடக நடிகை ஒருத்தி முடிவெட்ட வந்தபோது மறந்துவிட்டுப் போன பைக்குள், படம் பார்த்துக் குறி சொல்லும் அந்த டாரட் சீட்டுகள் இருந்தன. நடிகை திரும்பி வரவேயில்லை. ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்துவிட்டு, ஆள் வராத ஒரு மழை நாளில் அக்கா கட்டைப் பிரித்தாள். கூடவே இருந்த சின்ன விளக்கத் தாளில் ரொம்பச் சுலபமான முறை ஒன்று போட்டிருந்தது. கலைத்து மூன்று சீட்டு எடுக்க வேண்டும். முதல் சீட்டு இப்போது உள்ள நிலைமை. இரண்டாவது, குறுக்கே நிற்பது. மூன்றாவது, அடுத்து செய்ய வேண்டியது. அவ்வளவுதான். தண்ணீர் சூடாக்கும் கருவியைப் பழுதுபார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்று அவள் முதலில் கேட்டாள். பழுதுபார்த்தாள். அது இன்னும் ஓடுகிறது.

வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "நாளைக்கு என்ன நடக்கும்னு கேக்காதீங்க, அது எனக்குத் தெரியாது. நாளைக்கு நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு கேளுங்க." சீட்டுக்கு அவள் அர்த்தம் சொல்வதும் கிடையாது. மூன்றையும் கண்ணாடிக்கு முன்னால், சீப்புகளை ஒதுக்கிவிட்டுப் பரப்பி வைத்து, "உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?" என்று மட்டும் கேட்பாள். இரண்டாவது கடை திறக்கலாமா என்று கேட்ட மருந்துக்கடைக்காரரின் கண், பத்துத் தடிகளைச் சுமந்துகொண்டு குனிந்து போகிற ஆளின் மேல் போய் நின்றது. முகம் பாதி மழித்தபடி இருக்க, அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். "இவன் முகமே தெரியலையே அக்கா" என்றார் கடைசியில். இரண்டாவது கடை திறக்கவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பிள்ளைகளோடு பூங்காவில் பார்க்க முடிந்தது.

கிழவர் இறங்கிப்போன செவ்வாய்க்கிழமை கேட்க வந்தவள் ஒரு வங்கிக் காசாளர். தூரத்து ஊருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்திருந்தது. போவதா வேண்டாமா என்பது கேள்வி. அக்கா மூன்று சீட்டைத் திருப்பினாள். மூன்றிலும் ஓரக் கோடு இருந்தது, அடியில் பெயர் இருந்தது, நடுவில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை. கதவில் கட்டியிருந்த மணி மூன்று தடவை அடித்தது. காசாளர் கோபப்பட்டாள், ஏமாற்று வேலை என்றாள், தலையில் சாயத்தோடு எழுந்து போகப் பார்த்தாள். அந்த வாரக் கடைசியிலேயே புது ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகும் வழியில் சலூனில் எட்டிப் பார்த்து, கேட்க வருவதற்கு முந்தின நாளே பெட்டி வாங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டாள். இப்படி இன்னும் சிலருக்கு நடந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மனசுக்குள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களுக்குச் சீட்டில் இருப்பவர்களிடம் வேலை இல்லை. வேலை இல்லாதவர்கள் காலாற நடந்துவிட்டு வரப் போய்விடுகிறார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. இன்னொரு சீட்டிலிருந்து இறங்கிய வெள்ளை உடைக்காரி சிங்கத்தின் பிடரியில் கை வைத்தபடி கடைத்தெருவில் போனபோது நாய்கள் குரைப்பதை நிறுத்தின, கறிக்கடைக்காரர் மரியாதைக்கு ஒரு எலும்பை எடுத்துப் போட்டார். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறவர் விளம்பரப் பலகையில் தொங்கினார். தீயணைப்புக்காரர்கள் ஏணி போட்டு ஏறினார்கள். அவர் சிரித்த முகமாக வேண்டாம் என்று தலையாட்டியதும் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் யாரும் பேசமாட்டார்கள், யாரையும் தொந்தரவு செய்யமாட்டார்கள். போக்குவரத்துக் காவலர்கூட, சொன்னால் சாலையை ஒழுங்காகக் கடக்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்றார். வெறுஞ்சீட்டு என்பது ஊரில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது யோசனை கேட்கிற சாக்கில் வந்து உயிரை எடுத்தால், "உனக்கு வெறுஞ்சீட்டுப்பா, போய் வேலையைப் பாரு" என்று அனுப்பிவைத்தார்கள்.

அக்காவும் அப்படித்தான், வெறுஞ்சீட்டு வந்தவர்களிடம் துண்டை உதறிக்கொண்டே, "உங்களுக்கே தெரியும், போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கையின் கணவன் போன் செய்கிற வரைக்கும்.

தங்கையோடு அவளுக்குப் பேச்சு நின்று பல வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா படுக்கையில் விழுந்தபோது தங்கை வேறு ஊரில் நீச்சல் பயிற்சியாளராக இருந்தாள். லீவு கிடைக்கவில்லை, போட்டி இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, நடுவில் சலூனுக்கு ஓடி வந்து நாலு தலை வெட்டிவிட்டு மறுபடி ஓடியது அக்கா ஒருத்திதான். அந்த வருஷங்களில் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு நல்ல மனிதர் கொஞ்ச நாள் காத்திருந்தார். பிறகு அவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அம்மா இறந்ததற்குத் தங்கை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். "டிக்கெட் கிடைக்கலக்கா" என்றாள். ஈரத் தரையில் நின்றுகொண்டு அவள் சொன்ன அந்த வாக்கியத்தோடு அக்காவின் பேச்சு நின்றது.

"அவளுக்குத் தெரியாமத்தான் கூப்பிடறேன்க்கா" என்றான் தங்கையின் கணவன். "ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. என்னோடது பொருந்தல. உங்களைக் கேக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. நான் மீறிட்டேன்."

அக்கா போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். பொருந்தியது. மருத்துவர் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். "இது முழுக்க உங்க இஷ்டம்மா. வேண்டாம்னு தோணுச்சுன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. உங்களால குடுக்க முடியாதுன்னு நாங்க சொல்லிடுவோம். ஏன், எதுக்குன்னு யாருக்கும் தெரியாது."

அது கருணையான பேச்சுதான். ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது அக்காவுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து கொடுக்கவும் வழி இல்லை, ஊருக்குப் பயப்படாமல் மறுத்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழி இல்லை. அவளையும் அவள் மனசையும் தவிர இதில் வேறு யாருமே இல்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும், முதல் ஆள் வருவதற்கு முன் கட்டைக் கலைத்தாள். பக்கத்து நாற்காலியில் தொழில் செய்கிறவள், வாய் ஓயாமல் பேசுவதால் தெருவே ரேடியோ என்று கூப்பிடுகிறவள், தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அக்கா முதல் சீட்டைத் திருப்பினாள். வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதைத் திருப்பும்போதே மணி அடித்துவிட்டது.

"நான் இன்னும் முடிவே பண்ணலை!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள் அக்கா.

ரேடியோ துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். "எல்லாரும் இதையேதான் சொன்னாங்க அக்கா" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள். பூங்காவில், வாள் வைத்திருக்கும் ராணி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்ற இருவரும் கண்ணில் படவில்லை. சீட்டில் யார் வந்தார்கள் என்பதில் ஏதாவது துப்பு இருக்குமா என்று அக்காவின் புத்தி ஓடியது. வெறுஞ்சீட்டில் யார் வந்தால் என்ன, அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது என்று எத்தனையோ பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து, ராணி வாளைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தாள். அம்மாவின் முதுகுப்புண்ணைப் பற்றிச் சொன்னாள். காத்திருந்து போன மனிதரைப் பற்றிச் சொன்னாள். "என்ன முடிவு பண்ணியிருக்கேன்னாவது சொல்லு. கொடுக்கறேனா, மாட்டேனா?" என்று கேட்டாள். ராணி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ புறாக்களுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியதும் அக்கா எழுந்து கடைக்கு வந்து, காத்திருந்தவர்களுக்கு முடிவெட்டினாள்.

அடுத்த நாட்களில் அவள் தன்னைத்தானே பல விதமாகச் சோதித்துப் பார்த்தாள். கடை காலியாக இருக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "கொடுக்கறேன்" என்றாள். அப்புறம், "மாட்டேன்" என்றாள். இரண்டும் ஒரே மாதிரிதான் வாயில் வந்தது. தன் மனசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தனக்கே தெரியாமல் இருப்பது, சொந்த வீட்டில் சாவியைத் தேடுவது மாதிரி எரிச்சலாக இருந்தது. வெறுஞ்சீட்டு வந்தவர்களை எவ்வளவு சுலபமாக வெளியே அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துக் கூசினாள்.

அந்த வாரம் கணக்கு டீச்சர் முடிக்குச் சாயம் போட வந்தார். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். "பதினெட்டாம் தேதி காலைல நீங்கதான் வந்து அலங்காரம் பண்ணணும்" என்றார்.

"அன்னைக்கு நான் இருக்க மாட்டேன் டீச்சர், ஆஸ்பத்திரில இருப்பேன். ரேடியோ வந்து பண்ணுவா, நல்லா பண்ணுவா" என்றாள் அக்கா, தூரிகையை வழித்துக்கொண்டே.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தூரிகையிலிருந்து சாயம் டீச்சரின் தோளில் போர்த்தியிருந்த துணியில் சொட்டியது. கொடுப்பதானால் என்று மருத்துவர் சொல்லியிருந்த தேதிகளில் அவளாகவே ஒன்றை எடுத்து எப்போதோ மனசில் குறித்து வைத்திருக்கிறாள். தன்னிடம் மட்டும் சொல்லாமல். பிறகு எண்ணிப் பார்த்தால், அந்த வாரத்துக்கு யார் கேட்டாலும் அவள் ரேடியோவைத்தான் கைகாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தங்கைமேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா என்று தேடிப் பார்த்தாள். அது ஒரு பொட்டும் குறையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. கோபம் தீர்ந்த பிறகுதான் முடிவு வரும் என்று நினைத்திருந்தாள். முடிவோ கோபத்திடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். தங்கை நிழல் மாதிரி மெலிந்திருந்தாள். நீந்தி நீந்தி அகன்ற தோள்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"நான் கேக்கலக்கா" என்றாள் தங்கை.

"தெரியும். நீ எதையும்தான் கேக்க மாட்டியே. அம்மாவைப் பத்திக்கூடக் கேக்கல."

தங்கை போர்வையின் நூலை இழுத்தாள். "அன்னைக்கு டிக்கெட் கிடைச்சுது. ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன். வந்தா மறுபடி போக முடியாம ஆயிடுமோன்னு பயம்."

"எனக்கும்தான் போகணும்னு இருந்துச்சு."

தங்கை நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். "அப்புறம் ஏன் குடுக்கற?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? முடிவு பண்ணினவகிட்ட கேட்டாத்தான் தெரியும். அவ என்கிட்டயே சொல்லல" என்றாள் அக்கா. பிறகு, "தலையைப் பாரு, காடு மாதிரி வெச்சிருக்க. எழுந்து நடமாடினதும் கடைக்கு வா" என்றாள்.

அக்காவின் சிறுநீரகம் தங்கையின் உடம்பில் எந்தச் சண்டையும் போடாமல் வேலை செய்தது. கல்யாணப் பெண்ணின் அலங்காரம் நன்றாக அமைந்தது. அதிலிருந்து ரேடியோவைத் தேடி வருகிற கூட்டம் அதிகமானது. அக்காவுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று கொஞ்ச காலம் கட்டுப்பாடு இருந்தது. சகோதரிகள் போனில் பேசிக்கொண்டார்கள். முதலில் மாத்திரைகளைப் பற்றி, அப்புறம் மற்றதைப் பற்றி, நடுநடுவே சண்டையும். அம்மா பேச்சு வரும்போது யாராவது ஒருத்தர் போனை வைத்துவிடுவார்கள். மறுநாள் மற்றவர் கூப்பிடுவார். இப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு பிற்பகல் தங்கை சலூனுக்கு வந்து, முடிவெட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மருத்துவர் போகலாம் என்று சொல்லிவிட்டார், கணவன் வேண்டாம் என்கிறான், அவளுக்குத் தண்ணீரைப் பார்த்தால் இப்போது பயமாக இருக்கிறது. அக்கா கலைத்து, மூன்றைத் திருப்பினாள். மணி அடித்தது.

"என்னக்கா இது, ஒண்ணுமே இல்ல?" என்றாள் தங்கை.

அக்காவின் வாயில் பழைய பதில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். "கொஞ்ச நாள் ஆகும். தானா தெரியும். நானும் கூடவே பார்த்துட்டு இருக்கேன்" என்றாள்.

வெளியே வானம் இருட்டி, பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. அக்கா கவலையோடு எட்டிப் பார்த்தாள். சீட்டிலிருந்து போனவர்களில் இரண்டு குடத்தோடு இருக்கும் பெண்ணும் இருந்தாள். அவளுக்குப் போட்டுக்கொள்ளத் துணியும் இல்லை. தங்கை எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய குடைகளையும் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று கேட்டாள். குளத்தாங்கரைப் பக்கம் பார், அவளுக்குத் தண்ணீர் என்றால் பிடிக்கும் என்றாள் அக்கா. தங்கை மழைக்குள் இறங்கிப் போனாள்.

மூவரையும் கூட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அவர்கள் உள்ளே ஏறிக்கொண்டதும் ஈரமாகிவிட்ட மூன்று சீட்டுகளையும் அன்று பின்கட்டுக் கொடியில், துண்டுகளுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். மறுநாள் துண்டுகள் சீக்கிரமே காய்ந்துவிட்டன. சீட்டுகள் காய மதியம் ஆனது.