வாசலை மறித்த ஜீப்பு

மகாராணி வீட்டு வாசற்கதவைத் திறந்தால் முதலில் ஒரு ஜீப்பின் மூக்குதான் தெரியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை கண்ணுகளா. பம்பர்மேல் ஏறி, மட்கார்டைப் பிடித்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு குதித்தால்தான் தெருவுக்குப் போகலாம். கொல்லைப்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், வழி கிடையாது.

அவள் புருசன் பால்ராஜ், தோட்டத்து ஆட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டியவன். அது அடுத்தவன் வண்டி. சொந்தமாக ஒன்று வேண்டுமென்று, ராசிங்காபுரத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஜீப்பு ஒன்றை இழுத்துவந்தான். வீட்டில் தகரக் கூரை வாசலுக்கு மேலே மட்டும்தான். இஞ்சின் நனையக் கூடாதென்று வண்டியின் தலையை அதற்குள் விட்டு நிறுத்தினான். ஒரு மாசத்தில் ஓடிவிடும் என்றான். மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது.

மகாராணி அப்போது குடோனில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். லைட்டுப் பிடிக்க ஆள் வேண்டும், ரெண்டு நாள் நில் என்றுதான் அவளை நிறுத்தினான். அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை. செல்போன் வெளிச்சம் காட்ட, நட்டைப் பிடிக்க, துடைக்கிற துணியை நீட்ட என்று அவள் அந்த இஞ்சினோடேயே கிடந்தாள். அவள் இடத்தை இத்தனை நாள் விட்டுவைத்திருந்த குடோன் மேற்பார்வைக்காரி கற்பகம் நேற்றுச் சொல்லியனுப்பிவிட்டாள்: நாளைக் காலையில் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள்.

காலையில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு டைனமோ மாட்டுறேன். நீ எங்க கெளம்பிட்ட?"

"குடோனுக்கு."

"நட்டை யாரு பிடிக்கிறது?"

"ஒங்களுக்கு ரெண்டு கை இருக்குல்ல மாமா."

"போ, போ. மகாராணி இல்லாட்டி டைனமோ சுத்தாதாக்கும்!"

அவள் உள்ளே தூக்குவாளியில் சோறு வைக்கையில் அலறல் கேட்டது.

"ராணி! வெரசா வா! கை மாட்டிக்கிருச்சு!"

பெல்ட் விறைப்பாக நிற்க வேண்டுமென்று, டைனமோவைக் கம்பியால் நெம்பி, கம்பியை இடுப்பால் அழுத்திக்கொண்டிருக்கிறான். வலக்கையை உள்ளே விட்டு நட்டைப் பிடித்து, இடக்கையால் போல்டை முறுக்கியிருக்கிறான். டைனமோ வெளியே நகர்ந்து, அதற்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் மணிக்கட்டு சிக்கிவிட்டது. கல்யாணத்தில் அவள் அப்பன் போட்ட வெள்ளிக்காப்பு நசுங்கிக் கையைக் கவ்வியிருந்தது. பதற்றத்தில் ஸ்பேனரும் வண்டிக்கடியில் விழுந்துவிட்டது.

விரல்கள் நாவற்பழமாக நிறம் மாறிக்கொண்டிருந்தன.

"ஸ்பேனர் கீழ கெடக்கு. எடு புள்ள."

நல்ல சேலையோடு தவழ்ந்து எடுத்தாள். தோளில் ஆயில் சொட்டியது. எழுந்தவள் ஸ்பேனரை போல்டில் மாட்டிவிட்டு அப்படியே நின்றாள்.

"என்ன பாக்குற? லூசு பண்ணு!"

"அசைய முடியலையா மாமா?"

"எப்பிடிடி அசைய?"

"ரெண்டு மழைக்காலமா நானும் இப்பிடித்தேன் நிக்கிறேன்."

 அவள் உடம்பையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். போல்ட் கிரீச்சென்று இளகியது. டைனமோ உள்ளே சாய, கை வெளியே வந்தது.

அவன் பம்பரிலேயே உட்கார்ந்துவிட்டான். வீங்கிய கைக்கு அவள் ஈரத்துணி சுற்றினாள். வெளியே சாரல் பிடித்திருந்தது.

"இந்தக் கைய வச்சு என்னத்த மாட்ட? இன்னிக்கு ஒரு நா நில்லு ராணி" என்றான் மெதுவாக.

அதட்டியிருந்தால் அவனைத் தாண்டிக் குதித்திருப்பாள். இந்தக் குரலைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. குனிந்து, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைப் பார்த்தாள்.

"எந்திரிங்க மாமா."

"எதுக்கு?"

எழுந்தான். அவள் கல்லை உருவிப் போட்டாள். வாசற்படியில் காலை ஊன்றி, பம்பரில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். தெருவைப் பார்த்துச் சரிந்த முற்றம். ஜீப்பு பின்னால் உருண்டு, கேட்டுக் கல்லில் முட்டி நின்றது. திறந்த இஞ்சின்மேல் மழை விழுந்தது.

"அடிப்பாவி, நனையுதுடி!" ஒற்றைக் கையோடு அவன் தார்ப்பாய் தேடி ஓடினான்.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மகாராணி தன் வாசல் வழியாக நடந்து வெளியே போனாள். பம்பர் ஏறவில்லை.

குடோன் வாசலில் கற்பகம் நின்றாள். பக்கத்தில் புதிதாக ஒரு பெண், தூக்குவாளியும் கையுமாக.

"இம்புட்டு நேரங்கழிச்சா வருவ? கையக் காட்டு."

காட்டினாள். கற்பகம் முகர்ந்து பார்த்தாள்.

"கிரீசு நாத்தம். இத வச்சு ஏலக்காயத் தொட்டா மூடை பூரா நாறிப்போகும். கழுவிட்டு வா."

சோப்புப் போட்டுக் கழுவினாள். கற்பகம் முகர்ந்து, போகவில்லையென்று தலையை ஆட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அதற்கும் தலையை ஆட்டினாள். புதிதாக வந்த பெண் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்காகத்தேன் பாக்குறேன். இன்னும் ஒரே தடவ" என்றாள் கற்பகம்.

நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. மகாராணி மறுபடியும் குழாயைத் திறந்தாள்.