இரண்டு இடத்திலும் படுத்திருந்தவன்

இசக்கிமுத்துவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. அவன் மனைவி பேச்சியம்மாளிடம், நாட்டு வைத்தியரிடம் போகலாம் என்று மாமியார் சொன்னாள். ஆஸ்பத்திரிதான் என்று அவள் தம்பி சொன்னான். பேச்சியம்மாள் யார் மனதையும் நோகடிக்க விரும்பவில்லை. கணவனை இரண்டு இடத்திலும் படுக்க வைத்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு இசக்கிமுத்து. குளத்துக்கு அந்தப் பக்கம், பூவலிங்கம் வைத்தியரின் கொட்டகையில், கோரைப்பாயில் ஒரு இசக்கிமுத்து. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தெருவில் எல்லோரும் செய்வதுதான். ஓரிடத்தில் இன்னோரிடத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அங்க அவனுக்கு என்ன குடுக்காவ?" என்று கட்டிலில் இருந்தவன் கேட்டான்.

"கீழாநெல்லி அரைச்சு மோருல."

"மோரா? குடுத்து வச்ச பய."

"உப்பு கெடையாது."

"அப்ப கெடக்கட்டும்."

டாக்டரம்மா வந்தார். "நாட்டு மருந்து ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லம்மா. இவுக இங்க மட்டுந்தான் இருக்காவ."

அன்று கொட்டகைக்குப் போனபோது பாயில் இருந்தவனுக்கு நிழல் இல்லை.

"ஏட்டி, அங்க என்னைய இல்லன்னு சொன்னியா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"சொல்லாத. குளிருது."

வைத்தியர் அவன் இமையை விலக்கிப் பார்த்தார். "இங்கிலீஷ் மருந்து உண்டா தாயி?"

டாக்டரம்மாவிடம் சொன்னது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் இல்லண்ணாச்சி" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் அவன் கையில் ஏறவில்லை. கை வழியாகப் புகுந்து மெத்தையில் சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் விரிப்பை மாற்றினாள். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப ஒழுகுறார்" என்று கடிந்துகொண்டாள்.

இரண்டு இடத்திலும் தினமும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அவள் இல்லை என்றாள். பாயில் இருந்தவனின் வயிற்றுக்குள் கோரைப் பின்னல் தெரிந்தது. கட்டிலில் இருந்தவனின் குரல் தலையணைக்கு அடியிலிருந்து வந்தது.

"பேச்சி, எவன் பொழைப்பான்னு நெனைக்க?"

அவள் ஓடிப்போய் டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள். "பொய் சொல்லிட்டேம்மா. கொளத்துக்கரையில இன்னொருத்தரும் இருக்காவ."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அங்க உள்ளே போன மருந்து தெரியாம நான் எதைக் குடுக்கட்டும்? உடனே கூட்டிட்டு வாங்க."

கொட்டகையில் வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதல்லயே சொல்லப்பிடாதா? சோறு எறங்காம கெடக்கான். நானே அனுப்பியிருப்பனே."

பேச்சியம்மாள் கணவனைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உலர்ந்த துண்டின் கனம்தான் இருந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

"ஏம்மா, ஜன்னல் பக்கம் ஆளில்லையே. இந்தப் பெரியம்மா உக்காரட்டும்" என்றார் கண்டக்டர்.

"ஆள் இருக்கு."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "வீட்டுக்காரரா?"

"ஆமா."

"எங்க அக்காவயும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனோம்."

"சரியாயிட்டாவளா?"

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில், கட்டிலில் இருந்தவன் சுவரோரமாகத் தள்ளிப் படுத்து இடம் விட்டான். அவள் மற்றவனை அந்த இடத்தில் கிடத்தினாள். விரிப்பில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. பார்ப்பதற்கு இரண்டு பேரும் சேர்ந்தும் ஒரு ஆள் அளவுக்கு வரவில்லை.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரோரம் வைத்தார். பிறகு பள்ளத்தில் வைத்தார். மறுபடியும் சுவரோரம்.

"ரெண்டு பேரும் மூச்சை நல்லா இழுங்க."

பேச்சியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு மூச்சுதான் கேட்டது. அது எந்தப் பக்கத்திலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.