எட்டாவது பெயர்

பஞ்சுக்கிடங்கு வீதியில் சாஜிதா பேகத்துக்கு வாய் சாமர்த்தியம் போதாது என்று யாராவது சொன்னால், அவர்கள் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததே இல்லை என்று அர்த்தம். மூன்று நாளில் தருகிறேன் என்று வாங்கிய துணியைப் பதினைந்தாம் நாள் கொடுத்துவிட்டு, வந்தவளையே நன்றி சொல்ல வைத்து அனுப்புகிறவள். அந்த வாயை நம்பித்தான் வீதி அமைதிக் குழு அவளிடம் பிள்ளை பிடிக்கும் வேலையை ஒப்படைத்திருந்தது.

கலவரம் ஓய்ந்து ஒன்றரை வருடமாகியும் வடக்கு வரிசைக்காரர்கள் தெற்கு வரிசைக் கடையில் உப்புக்கூட வாங்குவதில்லை. 'அங்கே அடிக்கிறாங்க' என்று எவனாவது கத்தினால் போதும், இரண்டு பக்கமும் கல் பொறுக்கக் குனிந்துவிடும். அடுத்த வாரம் இந்த வழியாக ஊர்வலம் வேறு. குழுவுக்கு எட்டு இளவட்டங்கள் வேண்டும், வரிசைக்கு நாலு பேர். வதந்தி கிளம்பினால் அந்த வரிசையில் ஒருத்தர், இந்த வரிசையில் ஒருத்தர் என்று ஜோடியாகப் போய் நேரில் பார்த்துவிட்டு, உள்ளதை வீடு வீடாகச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எட்டுப் பேரின் பெயரும் போட்டோவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். ஒன்று குறைந்தாலும் இளவட்டங்கள் வீதியில் இறங்க அனுமதி இல்லை.

பத்து நாளில் ஆறு பேரைப் பிடித்துவிட்டாள். ஏழாவதாக, வியாழக்கிழமை, எதிர் வரிசை வெங்கடலட்சுமியின் வீட்டுக்கு அவள் மகன் சாய்சரணைக் கேட்டுப் போனாள். வெங்கடலட்சுமி பட்டியலை வாங்கி விரலை வைத்து எண்ணினாள்.

"ஏனுங்க அம்மணி, எம்பையனச் சேத்தாலும் ஏழுதான வருது?"

"இன்னொருத்தரத் தேடிட்டு இருக்கறனுங்க அக்கா."

"எதுக்குத் தேடோணும்? உங்க ஊட்டுலயே ஒருத்தன் இருக்கறானே."

சாஜிதா பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஷாநவாசுக்குப் பரீட்சைங்க" என்று ஒரு வழியாகச் சொன்னாள்.

"எம்பையன் மட்டும் சும்மா இருக்கறானாக்கும்? சிங்காநல்லூர்ல பம்பு கம்பெனில நாளெல்லாம் நின்னுபோட்டுத்தான் வாரான்." வெங்கடலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "உங்க பையன் போட்டோவக் கொண்டு வாங்க. எம்பையனுதத் தாரேன்."

மானம் போயிற்று. வீதியைக் கடக்கும்போது சாஜிதாவுக்குக் காது இரண்டும் எரிந்தது. ஆனால் அவள் பயம் அவளுக்குத்தானே தெரியும்? அண்ணன் மகன் ரசாக்கை, அதே பெயருள்ள வேறு யாரோ என்று நினைத்து விசாரணைக்குப் போலீசார் கூட்டிப் போனார்கள். ஒன்பது நாள் கழித்து வந்தவன், இன்றைக்கும் ஜீப் சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறான். தன் மகனின் முகம் எந்தப் போலீஸ்காரர் மேசையிலும் கிடக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள். அதே மேசைக்கு மற்றவர் பிள்ளைகளின் முகத்தைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கியதுதான் இப்போது நெஞ்சைக் குத்தியது.

வீட்டுக்கு வந்து ஷாநவாசிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் புத்தகத்தை மூடினான்.

"ஏழு ஊடு ஏறுனீங்க. நம்ம ஊட்டுக்கு எப்ப வருவீங்கன்னுதான் நானும் பாத்துட்டு இருந்தேன்மா."

"பயமா இருக்குது கண்ணு."

"எனக்குந்தான் இருக்குது. அதுக்காக நானும் சரணும் எதிரெதிர் சன்னல்ல நின்னு எத்தன வருசத்துக்குப் பாத்துக்கறது? கலவரத்துக்கப்பறம் அவன்கூட ஒரு வார்த்த பேசல."

சாஜிதா சன்னல் வழியே எதிர் வீட்டைப் பார்த்தாள். பிறகு, "போட்டோ இருக்குதா?" என்று கேட்டாள்.

வீதியிலிருந்த ஸ்டுடியோ கலவரத்தில் எரிந்ததோடு சரி, அதன்பின் அவன் போட்டோவே எடுக்கவில்லை. அவன் டிரங்குப் பெட்டியைக் கிளறி எடுத்தது ஒன்றே ஒன்று. கிரிக்கெட்டில் ஜெயித்த அன்று எடுத்தது. அவனும் சாய்சரணும் தோளில் கை போட்டு, கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஈயென்று சிரித்தபடி நின்றார்கள்.

மகனை மட்டும் வெட்டியெடுக்கக் கத்தரியைக் கையில் எடுத்தாள். இருபது வருடமாகப் பட்டும் பருத்தியும் வெட்டிய கை. அப்படித் திருப்பினாள், இப்படித் திருப்பினாள். எங்கே வெட்டினாலும் ஒருவன் கை மற்றவனோடு போய்விடும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு மறுபடி வீதியைக் கடந்தாள்.

வெங்கடலட்சுமி போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "வெட்டிப் போடாதீங்க அம்மணி" என்றாள்.

உள்ளேயிருந்து வந்த சாய்சரண் வாசலில் நின்றவனைப் பார்த்தான். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"கப்பு உங்கூட்லதானடா இருக்குது?" என்றான் ஷாநவாஸ்.

"இருக்குதுடா. பரண் மேல கெடக்குது."

"பத்திரமா வச்சிருக்கறயா?"

"வந்து பாரு."

ஷாநவாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். பெண்கள் இருவரும் வாசலிலேயே நின்று, உள்ளே பரணிலிருந்து கோப்பை இறங்கும் சத்தத்தையும் தூசியில் பையன்கள் இருமுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில் ஏட்டு பட்டியலைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"ஏம்மா, ஆளுக்கொரு போட்டோன்னுதான சொன்னேன்? இதென்ன, ஒண்ணுல ரெண்டு பேரு?"

சாஜிதா மேசையை ஒட்டி வந்து நின்றாள். "இதுல ஒருத்தன எதுக்காச்சும் கூப்பிட்டீங்கன்னா, ரெண்டு பேரும்தான் வருவாங்க சார்."

"ரெண்டு பேரோட அம்மாவும் வருவோமுங்க" என்றாள் கூடவே வந்திருந்த வெங்கடலட்சுமி.

ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பசையைத் தடவி, ஏழாவது பெயருக்கும் எட்டாவது பெயருக்கும் சேர்த்து அந்தப் போட்டோவை ஒட்டினார்.